'வாயு' என்கிற சமாதானமும் நானோ துகள் என்கிற மாயமும்

1) கொஞ்ச நாளா ஒரே வீடியோவை ஏகப்பட்ட பேர் எனக்கு அனுப்பிட்டு இருக்கீங்க. ரத்தக்குழாய்க்குள்ள தங்கக் கலர்ல குட்டிக் குட்டி உருண்டைங்க நீந்திப் போகுது. இதயத்துல சாகப்போற செல்லைக் கண்டுபிடிச்சு ஒட்டிக்குது. கடைசியில அடைப்பே கரைஞ்சு காணாமப் போயிடுது. கூடவே ஒரு கேள்வி: "டாக்டர், இந்த நானோ ஸ்கேன் மதுரையில எங்க எடுக்கறாங்க? எவ்வளவு ஆகும்? அப்பாவுக்கு எடுத்துப் பாத்துடலாமா?" தனித்தனியா பதில் சொல்லி மாளல. அதான் இந்த இழை. நீளமா இருக்கும். கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுத்துக்கங்க.

2) நேரடி பதிலை முதல்ல சொல்லிடறேன். எங்கயும் எடுக்கறதில்ல. மதுரையில இல்ல, சென்னையில இல்ல, அமெரிக்காவுல கூட நோயாளிகளுக்கான வழக்கமான டெஸ்ட்டா அது இல்ல. யாராவது "எங்க சென்டர்ல இருக்கு"ன்னு சொன்னா பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்துடுங்க.

3) ஆனா அந்த வீடியோ முழுப்பொய்னு சொல்லிட்டு நான் போயிட முடியாது. அதுல முக்கால்வாசி புருடா, கால்வாசி அருமையான அறிவியல். அந்தக் கால்வாசி நம்ம எல்லாருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லுது. வீடியோ போட்டவங்க சரியா அதை மட்டும் வெட்டிட்டாங்க. ஏன்னா அதை வச்சு எதையும் விக்க முடியாது.

4) அறிவியலுக்கு வருவோம். ஒரு செல் ரெண்டு விதமா சாகலாம். ஒண்ணு, அடிபட்டு, வீங்கி, சுவர் உடைஞ்சு உள்ள இருக்கறது எல்லாம் வெளிய கொட்டிச் சாகறது. இதுக்கு நெக்ரோசிஸ்னு பேரு. இன்னொண்ணு, செல் தானே முடிவெடுத்து, ஒழுங்கா மூட்டை கட்டிக்கிட்டுப் போறது. இதுக்கு அபாப்டோசிஸ். 1972-ல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கர்ரி என்ற மூன்று பேர் இந்தப் பெயரை வைத்தார்கள். கிரேக்க மொழியில் மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் சொல் அது.

5) இந்த ரெண்டாவது வகையில ஒரு முன்னறிவிப்பு இருக்கு. செல் சுவரோட உள்பக்கம் மட்டும் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரீன் என்கிற ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் வந்துடும். நம்ம பாஷையில சொல்லணும்னா, கடைக்காரர் சட்டரைப் பாதி இறக்கி வச்சிருக்கார். இன்னும் பூட்டல. உள்ள லைட் எரியுது. ஆள் இருக்கார். ஆனா மூடப்போறார்னு ரோட்டுல போறவனுக்கே தெரியும்.

6) அனெக்சின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது இந்தப் பாதி இறங்கிய சட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த அனெக்சினை இரும்பு ஆக்சைடு நானோ துகளின் மேல் ஒட்டிவிட்டால்? துகளின் அளவு சில பத்து நானோமீட்டர்தான். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை வைத்துப் பாருங்கள். இரும்பு இருக்கும் இடம் எம்ஆர்ஐ படத்தில் கறுப்பாகத் தெரியும். ஆக, சாகப்போகிற செல்லுக்கு எம்ஆர்ஐயில் ஒரு மைப்பொட்டு.

7) இதைச் செஞ்சும் காட்டிட்டாங்க. அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல, மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல டேவிட் சொஸ்னோவிக் குழு 2005-லயே இதை வெளியிட்டது. உயிரோட இருக்கற, இதயம் துடிச்சுக்கிட்டு இருக்கற விலங்குல. எந்த விலங்கு? எலி. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. எலி.

8) அதே குழு 2009-ல் அடுத்த படிக்குப் போனது. ஒரே இதயத்தில் இரண்டு மருந்து. ஒன்று, பாதி சட்டரில் ஒட்டும் இரும்புத் துகள். இன்னொன்று கடோலினியம், இது சுவர் உடைந்த, அதாவது முழுசாகச் செத்த செல்கள் இருக்கும் இடத்தில் தேங்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இதயச் சுவரின் நடுப்பகுதியில், சட்டர் பாதி இறங்கிய, ஆனால் சுவர் இன்னும் உடையாத செல்கள் நிறைய இருந்தன.

9) இதுதான் அந்த வீடியோ உங்ககிட்ட சொல்லாம விட்டது. மாரடைப்பு வந்த இதயம் சுவிட்ச் போட்டா அணையற பல்பு மாதிரி இல்ல. அதுல செத்த பகுதி உண்டு, நல்லா இருக்கற பகுதி உண்டு, நடுவுல சாகலாமா பொழைக்கலாமான்னு ஊசலாடற ஒரு பகுதியும் உண்டு. அந்த நடுப்பகுதிதான் உங்க மிச்ச வாழ்க்கை. நீங்க மாடிப்படி ஏறுவீங்களா, மகள் கல்யாணத்துல நின்னு பந்தி பரிமாறுவீங்களா, இல்ல நாலு தலகாணி வச்சு உக்காந்துக்கிட்டே தூங்குவீங்களான்னு அதுதான் முடிவு பண்ணும்.

10) "சரி, அப்ப அந்த ஊசியை மனுஷனுக்குப் போட்டுப் பாத்துடலாமே?" நியாயமான கேள்வி. 2000-ல் நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில், அனெக்சினைக் கதிரியக்கப் பொருளோடு சேர்த்து மாரடைப்பு வந்த 7 பேருக்குக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். 6 பேருக்கு அடிபட்ட இடம் தெரிந்தது. அதில் நானோ துகள் கிடையாது. 2012-ல் எடின்பரோவில் இரும்பு நானோ துகளை மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் தெரிந்தது அழற்சி. செல் சாவு அல்ல. மனிதர்களிடம் இதுவரை நடந்த இந்த மாதிரி வேலை எல்லாம் இப்படிச் சின்ன ஆராய்ச்சிகள்தான்.

11) ஏன் மேல நகரல? காரணம் எளிமை. இந்த இரும்புத் துகள் ரத்தத்துல ரொம்ப நேரம் சுத்தும். அது ஓரளவு வடிஞ்ச பிறகுதான் எந்த இடத்துல ஒட்டியிருக்குன்னு தெளிவாத் தெரியும். எடின்பரோவுல எல்லாம் அடுத்த நாள் படம்தான் பேசுச்சு. மாரடைப்புல அடுத்த நாள்னா என்ன அர்த்தம்? தீ பிடிச்ச வீட்டுக்கு மறுநாள் காலையில போட்டோகிராபர் வர்றதுன்னு அர்த்தம்.

12) பாதுகாப்பும் சாதாரண விஷயம் இல்ல. ஃபெருமாக்சிடால் என்று ஓர் இரும்பு நானோ மருந்து, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015-ல், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம் என்று அதன் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக்கியது. "நானோன்னா சைடு எஃபெக்டே இல்ல"ன்னு சொல்றவங்க இதைப் படிச்சதே இல்ல, இல்லன்னா படிச்சிட்டு மறைக்கிறாங்க.

13) இதனால ஆராய்ச்சி வீண்னு நான் சொல்லல. எதிர்ப்பக்கம் நிக்கறேன். புது மருந்து ஒண்ணு அந்த நடுப்பகுதி செல்லைக் காப்பாத்துதான்னு சோதிக்க இப்படிப் படம் பிடிக்கறது பெரிய உதவி. மார்பகப் புற்றுநோய்க்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் கொடுக்கற டாக்சோரூபிசின் மாதிரி மருந்துகள் இதயத்தைக் கெடுக்கும். அந்த பாதிப்பை சீக்கிரமே பாக்க முடிஞ்சா எத்தனையோ பேருக்கு நல்லது. நம்ம நாட்டு ஆய்வகங்கள்லயும் இந்த வேலை நடக்கணும், காசும் கொடுக்கணும். நான் சண்டை போடறது விஞ்ஞானிகளோட இல்ல. அவங்க எலியில கண்டதை உங்க தலையில விக்கறவங்களோட.

14) விக்கறவங்க மூணு ரகம். ஒண்ணு, "நானோ டெக்னாலஜி ஹார்ட் செக்கப்"னு சாதாரண எக்கோவையும் ரத்தப் பரிசோதனையையும் புது பேர்ல பேக்கேஜ் போடறவங்க. ரெண்டு, டப்பாவுல "நானோ"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி அடைப்பைக் கரைக்கற பொடி விக்கறவங்க. மூணு, லைக்குக்காக வீடியோ மட்டும் போடறவங்க. மூணாவது ஆளுதான் ரொம்ப அப்பாவின்னு நினைப்பீங்க. இல்ல. முதல் ரெண்டு பேருக்கும் ஆள் பிடிச்சுக் கொடுக்கறதே அவருதான்.

15) அவங்ககிட்ட நீங்க கேக்க வேண்டியது மூணே கேள்வி. உள்ள போடற மருந்தோட பேரு என்ன, எழுதிக் கொடுங்க. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை இந்த வேலைக்கு அனுமதிச்சிருக்கா? இந்தப் படம் எப்படி வந்தாலும் என் சிகிச்சையில என்ன மாறும்? மூணாவது கேள்விக்குப் பதில் வராது. பாருங்க. அதுக்குப் பதில் இல்லாத எந்த ஸ்கேனும் உங்களுக்குத் தேவையில்ல.

16) இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ஊசலாடற அந்த நடுப்பகுதிக்கு எவ்வளவு நேரம் இருக்கு? 1977-ல் ரெய்மர், ஜென்னிங்ஸ் குழு நாய்களின் இதய ரத்தக்குழாயை அடைத்துவிட்டு, வெவ்வேறு நேரத்தில் திறந்து பார்த்தது. ஆபத்தில் இருந்த தசையில் 40 நிமிஷத்தில் 38 சதவீதம் செத்திருந்தது. 3 மணி நேரத்தில் 57. 6 மணி நேரத்தில் 71. திறக்காமலே விட்டால் 85. சாவு உள்சுவரில் ஆரம்பித்து வெளிச்சுவரை நோக்கி அலை மாதிரி நகர்ந்தது.

17) மனுஷன் நாய் இல்ல. சிலருக்குப் பக்கவாட்டு ரத்தக்குழாய் இருக்கும், கணக்கு கொஞ்சம் மாறும். ஆனா திசை மாறாது. இதுக்கு மனுஷங்கள்லயே ஆதாரம் இருக்கு. 1986-ல் இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசியைச் சோதித்தார்கள். வலி ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 21 நாளில் இறந்தவர்கள் 8.2 சதவீதம். அதே நேரத்தில் வந்தும் ஊசி போடாதவர்களில் 15.4. பாதிக்குப் பாதி. தாமதமாக வந்தவர்களிடம் அந்த லாபம் தேய்ந்துகொண்டே போனது.

18) இனி நம்ம நாட்டுக் கணக்கு. 2008-ல் வெளியான கிரியேட் ஆய்வு. இந்தியாவில் 50 நகரங்கள், 89 மருத்துவமனைகள், 20,937 நோயாளிகள். பெரிய மாரடைப்பு வந்தவர்கள் வலி ஆரம்பித்ததிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தின் இடைநிலை: 360 நிமிஷம். ஆறு மணி நேரம். பாதிப் பேர் அதைவிடவும் தாமதம். மேலே போய் ஆறு மணி நேரத்துக்கு நேரே என்ன எண் இருக்குன்னு இன்னொரு தடவை பாருங்க.

19) அந்த ஆறு மணி நேரம் எங்க போகுது? ரோட்டுலயா? திருப்பரங்குன்றத்துல இருந்து பசுமலை, பழங்காநத்தம், பெரியார், சிம்மக்கல் தாண்டி கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? முகூர்த்த நாள் டிராபிக்ல மாட்டுனாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். மிச்ச அஞ்சு மணி நேரத்தைத் திருடுனது ரோடு இல்ல. உங்க வீட்டுக் கூடத்துலயே அது போச்சு. திருடனோட பேரு "வாயு".

20) "நெஞ்சு அடைக்குது." "நேத்து ராத்திரி பரோட்டா சாப்பிட்டல்ல, வாயுதான்." ஒரு சோடா. கேக்கல. ஓமத்தண்ணி. கேக்கல. பெருங்காயத்தை மோர்ல கலக்கி. கேக்கல. மெடிக்கல்ல போய் "அண்ணே, கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க." அதுவும் கேக்கல. நடுவுல ஒரு ஏப்பம் வந்துட்டா போதும், "பாத்தியா, கேஸ்தான்னு சொன்னேன்ல"ன்னு வீடே நிம்மதியாயிடும். ஏப்பம் மாரடைப்புலயும் வரும் சாமி. வாந்தியும் வரும். இதயத்தோட கீழ்ப்பக்கச் சுவர் அடிவாங்குனா வலி மேல்வயித்துலதான் தெரியும்.

21) பொம்பளைங்க விஷயத்துல இன்னும் மோசம். "லேசா கிறக்கமா இருக்கு", "கை கடுக்குது", "மூச்சு வாங்குது"ன்னு சொல்லிட்டு உலை வச்சு, சாதம் வடிச்சு, பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டுத்தான் உக்காருவாங்க. சுகர் இருக்கறவங்களுக்கு வலியே வராமலும் போகலாம். வெறும் வேர்வை, படபடப்பு, சோர்வு. வீட்டுல யாரும் அதை வியாதியாவே எடுத்துக்கறதில்ல.

22) ஒருத்தரைப் பத்திச் சொல்றேன், அடையாளத்தை மாத்தித்தான். பூக்கட்டி விக்கற ஒரு அக்கா. அம்பது வயசு தாண்டல. விடியக்காலை மல்லியைத் தொடுத்துக்கிட்டு இருக்கும்போது இடது தோள்ல வலி. சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவி விட்டிருக்காங்க. ஒன்பது மணிக்கு ஒரு கிளினிக். அங்க இடுப்புல ஒரு ஊசி, நாலு மாத்திரை, "ரெஸ்ட் எடுங்க." இசிஜி எடுக்கல. மதியம் ரெண்டு மணிக்கு என்கிட்ட வரும்போது சேலை முழுக்க வேர்வை. இசிஜி பேப்பரைப் பாத்தவுடனே தெரிஞ்சது, முன்சுவர் முழுக்க அடி. மாத்திரையைக் கொடுத்து 108-ல ஏத்தி அனுப்பினோம்.

23) அந்த அக்கா பொழைச்சுட்டாங்க. வீட்டுல எல்லாரும் சந்தோஷமா "கடவுள் காப்பாத்திட்டார்"னு சொன்னாங்க. ஆனா இதயம் பம்ப் பண்ற அளவு பாதியாயிடுச்சு. இப்ப பூக்கூடையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏற முடியல. மகன் படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போறான். செத்துப்போற ஒவ்வொரு செல்லுக்கும் வீட்டுல யாரோ ஒருத்தர் தவணை கட்டுவாங்க. எந்த ஸ்கேனுலயும் அந்தப் படம் வராது.

24) "செல் திரும்ப வளந்துடாதா?" ஈரல் மாதிரி இதயம் வளராது. 2009-ல் ஸ்வீடனில் ஒரு குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து இதயச் செல்களின் வயதைக் கணக்குப் போட்டது. 25 வயதில் வருஷத்துக்கு 1 சதவீதம் செல்தான் புதுசாகிறது. 75 வயதில் 0.45 சதவீதம். மாரடைப்பில் ஒரு காலைப்பொழுதில் போனதை இந்த வேகத்தில் திரும்பப் பிடிக்கவே முடியாது. செத்த இடத்தில் வெறும் தழும்புதான். தழும்பு சுருங்கி விரியாது.

25) சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெஞ்சுவலி, தோள்வலி, தாடைவலி, மேல்வயித்து வலின்னு வர்றவங்களுக்கு 10 நிமிஷத்துக்குள்ள இசிஜி எடுக்கணும்கறது உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட விதி. இசிஜி மிஷின் விலை இன்னைக்கு ஒரு நல்ல மொபைல் விலைதான். கிளினிக் வாசல்ல எல்இடி போர்டு வைக்க காசு இருக்கு, இசிஜி மிஷினுக்கு இல்லையா? மிஷின் இல்லன்னா பரவால்ல, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பாதீங்க. இருக்கற இடத்துக்கு அனுப்புங்க. அதுவே பாதி வைத்தியம்.

26) இப்ப நீங்க கேட்ட கேள்விக்கே திரும்ப வரேன். "இதய செல் சாகறதைக் காட்டற டெஸ்ட் வேணும்." நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு! ட்ரோபோனின்னு ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசைக்குள்ள மட்டும் இருக்கற புரதம் அது. செல் சுவர் உடைஞ்சா ரத்தத்துல கசியும். நெஞ்சுவலியோட வந்தவருக்கு அது ஏறி இறங்கினா, சாவு ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். கதிரியக்கம் வேண்டாம், நானோவும் வேண்டாம்.

27) ட்ரோபோனின் ஏற சில மணி நேரம் ஆகும். அதுக்கு முன்னாடியே, தசை ரத்தம் இல்லாமத் தவிக்கறதை, அதாவது சட்டர் இறங்க ஆரம்பிக்கற நேரத்தைக் காட்டற கருவியும் இருக்கு. அதுதான் இசிஜி. நூறு வருஷத்துக்கும் மேல பழசு. அஞ்சு நிமிஷ வேலை. அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. பாஸ்டன்ல எலிக்கு நானோ துகள் போட்டு அவங்க தேடுன அந்த ஊசலாடற தசை இன்னும் காப்பாத்தற நிலையில இருக்கலாம்னு உங்க அப்பாவுக்குச் சொல்லப்போறது அந்தப் பழைய கிராஃப் பேப்பர்தான். ஆனா ஒரு நிபந்தனை. அப்பா அங்க இருக்கணும்.

28) சிகிச்சையும் இருக்கு. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். சாதாரண ஆஸ்பிரின் மட்டுமே மாரடைப்புச் சாவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்தது. ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தபோது 42 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் வரைக்கும் வைத்திருக்கிறார்கள். அடைப்பை எடுக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு.

29) ஒழுங்கா இணைச்சா பலன் வருமா? வந்திருக்கு, நம்ம மாநிலத்துலயே. சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒரு சங்கிலியா கோத்து, டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முள்ளசாரி குழு தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடத்தியது. 2,420 நோயாளிகள். 2017-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். நூறு வீட்டுல மூணு வீட்டுக்கு மேல சாவு விழல. புது மருந்து எதையும் கண்டுபிடிச்சு இது நடக்கல. இருக்கறதை நேரத்துக்குக் கொண்டு சேத்ததால நடந்தது.

30) "தோப்பூர்ல எய்ம்ஸ் வந்துட்டா எல்லாம் சரியாயிடும் டாக்டர்"னு ஒருத்தர் கமெண்ட் போடுவார், தெரியும். வரட்டும். நமக்கு வேணும். 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். முதல் 50 மாணவர்கள் 2022-ல் இராமநாதபுரத்தில் இடம் வாங்கித்தான் வகுப்பைத் தொடங்கினார்கள். தாமதத்தைக் கேள்வி கேளுங்க, நானும் கேக்கறேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. உங்க வீட்டு வாசல்லயே எய்ம்ஸ் இருந்தாலும், நீங்க ஓமத்தண்ணியோட உள்ள உக்காந்திருந்தா அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

31) "108 வர லேட்டாகும், பைக்லயே போயிடறோம்." நோயாளி வண்டி ஓட்டவே கூடாது. பின்னாடி உக்கார வச்சு ரெண்டு பேருக்கு நடுவுல நெருக்கிக்கிட்டுப் போறதும் ஆபத்து. துடிப்பு தாறுமாறானா நடுரோட்டுல என்ன பண்ணுவீங்க? 108-ல பயிற்சி எடுத்த ஆள் இருக்கார், ஆக்ஸிஜன் இருக்கு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்கறதும் அவங்களுக்குத் தெரியும். கூப்பிட்டுட்டு, வர்ற நேரத்துல ஆளை உக்கார வச்சு, நடக்க விடாம பாத்துக்கங்க. வண்டி கிடைக்கவே இல்லன்னா ஆட்டோ, கார். எதுவா இருந்தாலும் உடனே.

32) "முதல் இசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்களே." முதல் இசிஜி நார்மலா இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். வலி தொடர்ந்தா திரும்ப எடுக்கணும், ட்ரோபோனின் பாக்கணும். "டாக்டர், இன்னொரு இசிஜி எடுக்கலாமா?"ன்னு கேக்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்த நல்ல டாக்டரும் அதுக்குக் கோச்சுக்க மாட்டார்.

33) "எல்லா நெஞ்சுவலிக்கும் ஓடுனா, பாதி வாயுவாத்தானே இருக்கும்?" இருக்கட்டும். வாயுன்னு தெரிஞ்சா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போங்க. செலவு ஒரு இசிஜி பேப்பரும் ஒரு ஆட்டோ சார்ஜும். மாறி நடந்தா செலவு என்னன்னு மேல அந்த அக்கா கதையில சொல்லிட்டேன். வாயுன்னு முடிவு பண்ற அதிகாரம் சோடாவுக்குக் கிடையாது, அத்தைக்குக் கிடையாது, மெடிக்கல் ஷாப்ல நிக்கற தம்பிக்கும் கிடையாது. இசிஜிக்கும் அதைப் படிக்கத் தெரிஞ்சவருக்கும்தான் உண்டு.

34) இன்னைக்கு ராத்திரி வீட்டுல நாலு காரியம் பண்ணுங்க.
ஒண்ணு: ராத்திரி ரெண்டு மணிக்கு இசிஜி எடுக்கற ஆஸ்பத்திரி உங்க வீட்டுக்குக் கிட்ட எதுன்னு கண்டுபிடிச்சு, பேரையும் நம்பரையும் ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க.
ரெண்டு: வீட்டுல உள்ள ஒவ்வொருத்தருக்கும், முக்கியமா அம்மாவுக்கு, இந்த வரியைச் சொல்லிக் கொடுங்க: நெஞ்சு, தோள், தாடை, மேல்வயிறு, எங்கயாவது அழுத்தம், கூடவே வேர்வை அல்லது மூச்சுத்திணறல், 10 நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி.
மூணு: காப்பீட்டு அட்டை, பழைய ரிப்போர்ட், சாப்பிடற மாத்திரை லிஸ்ட் மூணையும் ஒரே கவர்ல போட்டு வைங்க.
நாலு: ஆஸ்பிரின் மாதிரி மாத்திரையை உங்க டாக்டரைக் கேக்காம நீங்களா முழுங்காதீங்க. அல்சர், ரத்தக்கசிவு, அலர்ஜி இருக்கறவங்களுக்கு அது ஆபத்து. கேட்டு வச்சுக்கங்க.

35) கிரிவலம் போற பௌர்ணமியில, பங்குனித் தேர்க் கூட்டத்துல, யாராவது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மலையடிவாரத்துல உக்காந்தா, "கூட்டத்துல மயக்கம், தண்ணி குடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு நகராதீங்க. 108-க்கு போன் போடுங்க. அவர் யாருன்னு தெரியாட்டியும்.

36) இருபது வருஷமா உழைச்சு அந்த விஞ்ஞானிகள் நமக்குக் காட்டுனது இதுதான்: பாதி இறங்குன சட்டருக்குள்ள இன்னும் ஆள் இருக்கார். வீடியோவை ஃபார்வர்ட் பண்ற அதே விரல்ல இந்த இழையையும் குடும்ப குரூப்ல போடுங்க. "வாயுதான்"னு முதல்ல சொல்ற அந்த ஒருத்தரை மறக்காம டேக் பண்ணுங்க. ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒருத்தர் இருப்பார். கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிஞ்சதும் வந்து பதில் சொல்றேன். நெஞ்சுவலியோட இருந்தா மட்டும் இங்க கேக்காதீங்க. கிளம்புங்க.